பன்னிரண்டு பேருக்கு ஒரு ஜடை

லிசாவின் இடது கை அனன்யாவின் உச்சந்தலையை அழுத்திப் பிடித்திருந்தது. வலது கை பேன் சீப்பை நெற்றியிலிருந்து பிடரி வரை இழுத்து, மடியில் விரித்திருந்த வெள்ளைத் துணியில் தட்டியது. விழுந்தவற்றைக் கட்டைவிரல் நகத்தால் நசுக்கிவிட்டு மறுபடி இழுத்தாள்.

"இன்னும் எத்தனை இருக்குக்கா?"

"எண்ணிக்கினு இருந்தா பொழுது போய்டும். தலையைக் குனி."

அனன்யா குனிந்தாள். அவள் முடி முதுகைத் தாண்டி, உட்கார்ந்திருந்த முக்காலியையும் தாண்டித் தரையில் கிடந்தது. சூரிச்சில் பிறந்து வளர்ந்த பதினெட்டு வயதுப் பெண். அந்த முடியில் இதுவரை கத்திரி பட்டதில்லை. அவள் அம்மா அதை மயிலாப்பூரிலிருந்து கொண்டுபோன பித்தளைச் சாமான்களைப் பராமரிப்பது போலப் பராமரித்திருந்தாள்.

மந்தைவெளியில் ஒரு பெரிய பழைய வீடு. வெளிநாட்டில் வாழும் தமிழ்ப் பெண்களுக்காக அதில் ஒரு மரபுக் கோடை முகாம் நடந்தது. ஊரில் ஆடி பிறந்து, தெருமுனையில் கூழ் ஊற்றி, ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது. ஆனால் ஐரோப்பாவில் அப்போதுதான் கோடை விடுமுறை என்பதால் இங்கேயும் அதுவே கோடை. காலையில் கோலம், பிறகு பூத்தொடுத்தல், மத்தியானம் சாம்பார் பற்றி ஓர் உரை, மாலையில் நடனம். பேன் நிகழ்ச்சி நிரலில் இல்லை.

லிசாதான் விடுதிப் பொறுப்பாளர். சாந்தோம்காரி, இருபத்தேழு வயது. அப்பா காஸ்பர் ஆசிரியர், அண்ணன் ஆசிரியர், அண்ணியும் ஆசிரியை. அந்த வீட்டில் பாடம் நடத்தாமல் பேசத் தெரிந்தவள் லிசா ஒருத்திதான். நோயாளிப் பராமரிப்பில் பயிற்சி எடுத்து, அடையாறில் படுத்த படுக்கையாய்க் கிடந்த மூன்று முதியவர்களைக் கடைசி வரை பார்த்துக்கொண்டவள். மூவரும் போன பிறகு, நடமாடும் ஆட்களோடு வேலை செய்து பார்ப்போமே என்று இங்கே வந்தாள்.

விஷயம் வெளிப்பட்டது பூத்தொடுக்கும் வகுப்பில். அனன்யாவின் மடியிலிருந்த மல்லிகையில் ஏதோ ஊர்ந்தது. பக்கத்துப் பெண் எறும்பு என்றாள். சொல்லிக்கொடுக்க வந்த அம்மாள் உற்றுப் பார்த்துவிட்டு, தன் நாரையும் பூவையும் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் நின்றுகொண்டார்.

லிசா பன்னிரண்டு தலையையும் அன்றே பார்த்தாள். மூன்றைத் தவிர எல்லாவற்றிலும் இருந்தது. அனன்யாவின் தலையில் நிறைய இருந்தது, இருக்க இடமும் அங்கேதான் நிறைய இருந்தது.

முகாமை நடத்தும் சித்தார்த்தன் வேறு விதமாகக் கணக்குப் போட்டார்.

"லிசா, இது அவ கொண்டுவந்தது. விமானத்துல பக்கத்து சீட்லேர்ந்து ஏறியிருக்கும்."

"இவ வந்து மூணு வாரம் ஆச்சு சார். அப்பவே இருந்திருந்தா இவ ரூம்ல இருக்கறவளுக்கு மொதல்ல ஏறியிருக்கும். அவ தலை சுத்தமா கீது."

"அப்போ எங்கேர்ந்து வந்தது?"

லிசா அதை ஏற்கெனவே பெண்களிடம் கேட்டுவிட்டிருந்தாள். அடுத்தவர் துண்டை யாரும் எடுப்பதில்லை. தலையணை தனி, சீப்பு தனி. பேன் வந்த எல்லோர் தலையிலும் ஏறியது ஒரே ஒரு பொருள்தான். போன வாரம் விளம்பரப் படம் எடுத்தபோது, நடன அலங்காரக் கடையிலிருந்து வாடகைக்கு வந்த ரெடிமேட் ஜடை. முழங்கால் வரை நீளம், குஞ்சலம், மேலே ராக்கொடி. மரபு என்றால் ஜடை இருக்க வேண்டும் என்றார் சித்தார்த்தன். பன்னிரண்டு ஜடைக்கு வாடகை எதற்கு, படம்தானே என்றும் அவரே சொன்னார். ஒருத்தி வைத்துக்கொண்டு சிரிப்பாள், படம் எடுப்பார்கள், சூட்டோடு சூடாக அடுத்தவள் தலைக்கு மாற்றுவார்கள். படத்தில் எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று அனன்யாவின் சொந்த முடியையும் சுருட்டிக் கட்டி, அதன் மேல் அதையே வைத்தார்கள். குட்டைமுடிக்காரிகள் மூன்று பேருக்கு மட்டும் ஜடை நிற்கவில்லை. அந்த மூன்று தலைகள்தான் தப்பியவை.

"சரி, ஜடைன்னே வச்சுக்கோ. ஜடையில எப்படி வந்தது?"

"மொதல்ல வச்சிக்கினவங்க தலையிலேருந்து வந்திருக்கும் சார்."

சித்தார்த்தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முதலில் வைத்துக்கொண்டவள் அவர் மகள் மஹதி. முகாமில் உதவிக்கு வருபவள், ராத்திரி வீட்டுக்குப் போய்விடுபவள். எப்படி வைத்துக்கொள்வது என்று காட்டுவதற்காக அவள்தான் அன்று முதலில் நின்றாள். லிசா அவள் பெயரைச் சொல்லவில்லை. சித்தார்த்தனும் கேட்கவில்லை.

"இது வெளியில போகப்படாது" என்றார் அவர். "நாளைக்கு நிறைவு விழா. மத்தவாளுக்கு மருந்து போட்டுத் தலையை அலசிடு. அனன்யாவுக்கு ஒரு நாள்ல போகாது. அவ ஆட வேண்டாம். பின் வரிசையில உக்காந்து பாக்கட்டும்."

அலங்காரம் செய்ய வந்த பேச்சியம்மாளும் அதையே சொல்லிவிட்டிருந்தாள். "நாளான்னிக்கு எனக்குக் கல்யாண மேக்கப் கீதும்மா. அந்த முடியில என் சீப்பு படாது."

அதனால்தான் இப்போது மாடியில் முக்காலி, வெள்ளைத் துணி, மருந்து, வெந்நீர். நாளைக்கு முதல் உருப்படி அனன்யாவுடையதுதான். சூரிச்சில் வாரம் ஒருமுறை கணினித் திரையில் கற்று, இரண்டு வருஷமாகப் பயிற்சி செய்து, அதற்காகவே வந்தவள். கல்யாணத்துக்கு முன்பு அவள் அம்மா ஆடியதும் அதே மேடையில்தான்.

"எல்லாம் போக எத்தனை நாளாகும்க்கா?"

"உன் முடிக்கு? பத்து நாள். ஈரு பொரிஞ்சிக்கினே இருக்கும்."

"முடியே இல்லேன்னா?"

லிசாவின் சீப்பு நின்றது. "அப்போ பத்து நிமிஷம்."

"நீங்க என்னோட வருவேளா?"

"உன் தலை, உன் இஷ்டம். ஆனா மொதல்ல உங்கம்மாக்கு போனைப் போடு. நாளைக்கு அவங்க என்னைக் கேக்கக் கூடாது."

அம்மா திரையில் வந்தாள். சங்கதியைக் கேட்டதும் முகத்தை மூடிக்கொண்டாள். அடையாறில் லிசா இதைப் பார்த்திருக்கிறாள். படுக்கையில் கிடப்பவரின் சிக்குப் பிடித்த முடியை வெட்டலாம் என்றால் அழுவது பக்கத்தில் நிற்பவர்கள்தான். படுத்திருப்பவர் நிம்மதியாகத் தூங்குவார்.

"பதினெட்டு வருஷம்டி! யாராவது இதுக்காக..."

"அம்மா, முடி வளரும். நாளைக்கு ஆடலேன்னா அந்த மேடை திரும்பி வராது."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "புது பிளேடு போடச் சொல்லு" என்றாள்.

மந்தைவெளி சலூன்காரர் பழக்கத்தில் நாற்காலியைக் கிழக்கே திருப்பிப் போட்டார். "வேண்டுதலாம்மா?"

"இல்லீங்க, அவசரம்" என்றாள் லிசா. "புது பிளேடு போடுங்க."

முடி கொத்துக் கொத்தாக விழுந்தது. அனன்யா கண்ணாடியைப் பார்த்தபடியே இருந்தாள். பாதியில் ஒருமுறை மட்டும் லிசாவின் விரலை இறுக்கிப் பிடித்தாள். லிசா விரலைக் கொடுத்துவிட்டு மற்ற கையால் போனில் மருந்துக்கடைக்குச் செய்தி அனுப்பினாள்.

"நல்ல நீளம்மா. சவுரி கட்றவன் ஒருத்தன் வருவான், குடுத்துடட்டுமா?" என்றார் சலூன்காரர்.

"வேணாம் சாமி. இன்னொரு ஜடை வந்து சேரும்." லிசா எல்லாவற்றையும் வாரி ஒரு பாலிதீன் பையில் போட்டு இரண்டு முடிச்சுப் போட்டாள்.

மறுநாள் மாலை, மேடைக்குப் பின்னால், பட்டுப் புடவையும் சலங்கையும் பளபளத்த மொட்டையுமாக நின்றவளைப் பார்த்து சித்தார்த்தன் வாயைத் திறந்தார். "யாரைக் கேட்டு..." என்று தொடங்கினார். அதற்குள் தலைமை விருந்தினர் சூடாமணி மாமி அங்கே வந்துவிட்டார். எண்பது வயது, அந்த வீட்டுக்கே சொந்தக்காரர். அனன்யாவைப் பார்த்ததும் கை குவித்தார்.

"பகவானே! இந்தக் காலத்துல, அதுவும் வெளிநாட்டுக் குழந்தை!"

சித்தார்த்தனின் வாய் மூடிக்கொண்டது. ஐந்து நிமிஷத்தில் ஒலிவாங்கியில் வேறு குரலில் திறந்தது. நம் முகாமின் வெற்றிக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும், முடியைக் காணிக்கை தந்துவிட்டு மேடையேறுகிறாள் நம் அனன்யா என்றார். அரங்கம் கை தட்டியது. அனன்யா லிசாவைப் பார்த்தாள். லிசா தோளைக் குலுக்கிவிட்டு, சலங்கைக் கயிறு இறுக்கமாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள்.

அனன்யா ஆடினாள். ஓர் இடத்தில் தாளம் தவறியது, பிடித்துக்கொண்டாள். பின்னால் இழுக்கும் பாரம் இல்லாததால் கழுத்து நன்றாகத் திரும்பியது. சூரிச்சிலிருந்து போனில் பார்த்த அம்மா, முடிவில் கட்டைவிரல் படம் ஒன்றை மட்டும் அனுப்பினாள்.

விழா முடிந்ததும் மாமிகள் வரிசையாக வந்து அந்த மொட்டைத் தலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். சூடாமணி மாமி அவள் கையைப் பிடித்தார்.

"திருப்பதியா, கண்ணா?"

"இல்லை மாமி, மந்தைவெளி."

"மந்தைவெளியில எந்தக் கோயில்?"

"கோயில் இல்லை, சலூன்."

"எதுக்கு?"

அனன்யாவுக்குப் பொய் சொல்லத் தமிழ் போதாமல் இல்லை. சொல்லப் பிடிக்கவில்லை. "பேன் மாமி" என்றாள்.

வரிசை ஓரடி பின்வாங்கியது. அந்த அரங்கத்தில் பேன் இல்லை என்று அடித்துச் சொல்லக்கூடிய ஒரே தலை அதுதான், ஆனாலும் பின்வாங்கியது. சித்தார்த்தன் கூரையில் சுற்றும் மின்விசிறியைப் பார்த்தார். அவருக்குப் பக்கத்தில் தாம்பூலப் பைத் தட்டோடு மஹதி நின்றிருந்தாள்.

"பேனா?" என்றார் சூடாமணி மாமி. அவர் மட்டும் கையை விடவில்லை. "யார்கிட்டேர்ந்துடி வந்தது?"

அனன்யா மஹதியைப் பார்த்தாள். ஜடையை முதலில் வைத்துக்கொண்டது யார் என்று முகாமில் எல்லோருக்குமே தெரியும். பத்து நாளாகத் தலையைச் சொறிந்துகொண்டு, பொடுகு என்று சொல்லிவந்தவள் யார் என்பதும் தெரியும்.

"தெரியலை மாமி" என்றாள் அனன்யா. "தலைன்னு இருந்தா வரத்தானே வரும்?"

"வாஸ்தவம்" என்றார் மாமி. "கொஞ்சம் தள்ளுங்கோடி எல்லாரும், காத்து வரட்டும். ஆட்டம் நன்னாயிருந்தது. ரெண்டாவது பாதியில அவசரப்பட்டே."

மஹதி அதன் பிறகு யாருக்கும் தாம்பூலம் கொடுக்கவில்லை. தட்டை நாற்காலியில் வைத்துவிட்டு வெளியே போனாள்.

மறுநாள் காலை லிசா மாடியில் துணியை உலர்த்திக்கொண்டிருந்தபோது படியேறி வந்தது மஹதி. பின்னாலேயே சித்தார்த்தனும் வந்து, கடைசிப் படியில் உட்கார்ந்து செய்தித்தாளை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். அனன்யா தலைக்குச் சந்தனம் அரைத்துப் பூசிக்கொண்டு, வெயில் படாத மூலையில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

மஹதி யாரையும் பார்க்காமல் பின்னலை அவிழ்த்தாள்.

"லிசா அக்கா, எனக்கும் பாருங்கோ."

"மூணு வாரமா இதே மாடியிலதான் இருக்கேன்" என்றாள் லிசா. "முக்காலியை இழு."

மஹதி இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அனன்யா தட்டை வைத்துவிட்டு, கையைக் கழுவி, கீழே போய் வெந்நீர்ச் செம்பை எடுத்து வந்தாள். லிசா மடியில் புதுத் துணியை விரித்தாள். சீப்பை வெந்நீரில் முக்கி எடுத்து, உதறி, வகிடு பிரித்தாள்.