‘ஃபிட் சார்’ என்றவரின் வலது கால்

காலுறையைத் துவைக்கப் போட்டபோதுதான் பார்த்தேன். விரல் பக்கம் பழுப்பாகக் காய்ந்த ரத்தம். என் வீட்டுக்காரர் தேவராஜ் ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது பேரணாம்பட்டில் ஒரு தோல் கம்பெனியில் செக்யூரிட்டி. நாள் முழுக்க பூட்ஸ்தான்.

“இன்னாங்க இது, ரத்தம்?” என்றேன்.

“எங்க?” என்று திருப்பிக் கேட்டார். அவருக்கே தெரியவில்லை.

பூட்ஸைக் கவிழ்த்துத் தட்டினேன். சின்ன ஆணி ஒன்று விழுந்தது. பகல் முழுக்க அதன்மேல் நின்றிருக்கிறார். பல வருடமாகச் சர்க்கரை இருப்பவர். அதனால் வருவதுதான் நரம்புச் சேதம் (கால் நரம்புகள் கெட்டு, சூடும் வலியும் தெரியாமல் போவது) என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

முன்னாள் படைவீரர்களுக்கும் குடும்பத்தாருக்கும் மருத்துவத் திட்டம் இருக்கிறது. இதைப் படிக்கிற பலர் வீட்டில் அந்த அட்டை இருக்கும். முதலில் திட்டத்தின் கிளினிக்குக்குப் போகவேண்டும். அங்கே இருக்கும் டாக்டர் எழுதிக் கொடுத்தால், திட்டத்தில் சேர்ந்த பெரிய மருத்துவமனையில் செலவில்லாமல் பார்ப்பார்கள். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் நேராகவே போகலாம். மற்றபடி, அந்த டாக்டரின் அறையில் நாம் என்ன சொல்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நான் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருக்கிறேன். அவரைக் கிளினிக்குக்கு அழைத்துப்போக லீவு கிடைக்கவில்லை. அவர் தனியாகப் போய், வழக்கமான சர்க்கரை மாத்திரையோடு திரும்பி வந்தார்.

“டாக்டர் கால பாத்தாரா?”

“இன்னா தொந்தரவுன்னு கேட்டாரு. ஒண்ணுமில்ல, ஃபிட் சார்னு சொன்னேன்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்தில் இருந்தவர். எல்லோருக்கும் இதே வியாதி. பணியில் இருக்கும்போது உடல் தகுதியில் தரம் இறங்கினால் பிரமோஷன் நின்றுவிடும் என்று வலியை மறைத்துப் பழகியவர்கள். கிளினிக் டாக்டரும் ஓய்வு பெற்ற மேஜர் என்பதால், அவரைப் பார்த்ததும் இவருக்கு முதுகு நிமிர்ந்துவிட்டது. பென்ஷன் வாங்கி இத்தனை காலமாகிறது, இன்னும் என்ன பிரமோஷன்!

அடுத்த வாரத்துக்குள் பெருவிரல் கறுத்தது. வாடை வந்தது. லீவு தந்தாலும் தராவிட்டாலும் சரி என்று நானே அழைத்துப் போனேன். டாக்டர் கேட்டார். இவர் எழுந்து நின்று, “ஃபிட் சார்” என்றார்.

நான் கீழே உட்கார்ந்து பூட்ஸையும் காலுறையையும் கழற்றினேன். “அவரு ஃபிட்டுதான் சார். இந்தக் கால மட்டும் பாருங்க” என்றேன்.

டாக்டர் குனிந்து பார்த்தார். “ஹவில்தார், இங்க யாரும் உங்கள அன்ஃபிட்னு வீட்டுக்கு அனுப்பப் போறதில்ல. வலியச் சொல்லத்தான் இந்த இடமே இருக்கு” என்று சொல்லி, அப்போதே எழுதிக் கொடுத்தார்.

வேலூரில் அறுவை செய்தார்கள். கேங்ரின் (ரத்த ஓட்டம் இல்லாமல் சதை அழுகுவது) பாதத்துக்கு ஏறத் தொடங்கியிருந்தது. பெருவிரலையும் பக்கத்து விரலையும் எடுத்தார்கள். பாதம் தப்பியது. இன்னும் தாமதித்திருந்தால் முழங்காலுக்குக் கீழே எடுக்கவேண்டி வந்திருக்கும் என்றார் அறுவை மருத்துவர். எடுத்த விரலில் மாய வலி (இல்லாத உறுப்பு இருப்பது போலவே வலிப்பது) வரலாம், பயப்படவேண்டாம் என்றும் சொன்னார். கேட்டுக்கொண்டேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்துதான் அழுதேன்.

உங்கள் வீட்டுக்காரரும் பட்டாளத்துக்காரர் என்றால் ஒன்றுதான் சொல்வேன். டாக்டர் அறைக்குள் நீங்களும் போங்கள். வாசலில் உட்காராதீர்கள். உங்கள் பெயரிலும் அட்டை எடுத்து வையுங்கள். வேறு உதவிகளுக்கு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்கள். கேட்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

இப்போது எங்கள் நாள் கண்ணாடியோடு தொடங்குகிறது. பாதத்துக்கு அடியில் பிடித்துப் பார்க்கிறேன். கால் அவருடையது, உணர்வு என் கண்ணில் இருக்கிறது. முன்பெல்லாம் பஸ்ஸுக்கு ஓடுவேன். இப்போது கால் பார்த்து முடியும்வரை பஸ் போனால் போகட்டும் என்றிருக்கிறது. “ரிப்போர்ட் சொல்லுங்க” என்று சீண்டுவேன். “ஃபிட்” என்பார், சிரித்துக்கொண்டே.

ஒரு நாள் காலையில் அவர் சிரிக்கவில்லை.

“சாந்தி.”

“இன்னாங்க?”

“வலிக்குது.”

எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவர் வாயிலிருந்து இந்தச் சொல்லை நான் கேட்டதே இல்லை. கண்ணாடியைக் கீழே வைத்தேன். “எங்க?”

பெருவிரல் இருந்த இடத்தைக் காட்டினார். அங்கே ஒன்றுமில்லை. நான் அந்த இடத்தில் கையை வைத்துக்கொண்டேன்.

“ஜாஸ்தியா, கம்மியா?”

வழக்கம்போல மறைக்கப்போகிறார் என்று நினைத்தேன்.

“ஜாஸ்தி” என்றார்.