கழற்றாத பிளாஸ்டிக்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் இருக்கும் எவ்லின் புதிதாக வாங்கிய எதிலும் பிளாஸ்டிக்கைக் கழற்ற விடமாட்டார். டிவி ரிமோட் வாங்கிய நாளிலிருந்து உறைக்குள்தான் இருக்கிறது. ஃப்ரிட்ஜ் கதவிலும் ஒட்டி வந்த மெல்லிய தாள் அப்படியே இருக்கிறது.

அறுபதைத் தாண்டிய இந்த மனுஷி கம்ப்யூட்டரில் கார் ரேஸ் ஓடுகிறார் என்றால் தெருவில் யாரும் நம்பமாட்டார்கள். டொரொண்டோவில் இருக்கும் மகள் ரொஷேலுக்கு போன் எடுத்தால், "பிஸி மம்மி" என்று வைத்துவிடுவாள். ஞாயிறு மாலை இருவரும் ஆன்லைனில் சேர்ந்து ரேஸ் ஓடும்போது மட்டும் வாய் ஓயாமல் கதைப்பாள். அதற்காகவே எவ்லின் பிஸ்கட் டின் அளவில் ஒரு கேமிங் பெட்டி வாங்கினார்.

அந்தப் பெட்டியோ பாதியில் அணைந்து அணைந்து உயிரை வாங்கியது. அதுவும் ரொஷேல், "வீட்ட வித்துட்டு இங்க வந்துருங்க மம்மி" என்று தொடங்கும் நேரம் பார்த்து.

"வேணுமென்டே கட் பண்றீங்க. இன்னொரு தரம் கட் பண்ணினா நான் இனி ரேஸுக்கு வரமாட்டேன்" என்று மகள் கோபித்ததும் எவ்லின் பயந்துபோனார். கம்ப்யூட்டர் திருத்தும் மஷூரை உடனே வரவழைத்தார்.

மஷூர் டெஸ்ட் ஓடவிட்டார். திரையில் சூட்டைக் காட்டும் எண் ஏறி ஏறி நூறைத் தொட்டது.

"ப்ரொசசர் கொதிக்குது ஆன்ட்டி."

எவ்லின் பெட்டியில் உள்ளங்கையை வைத்தார். தெர்மோமீட்டர் இல்லாமலே பிள்ளைக்குக் காய்ச்சல் சொன்ன கை அது.

"என்ன மகன் விசர்க்கதை? ஜில்லென்டு இருக்கு!"

"அதான் பிரச்சினை. சூடு வெளிய வரல்ல. உள்ளுக்கே நிக்குது."

குளிர்ந்து கிடப்பது கொதிக்கிறதாம். எவ்லினுக்குத் தலை சுற்றியது.

மஷூர் மூடியைத் திறந்து, ப்ரொசசர் மேல் இருந்த, சூட்டை இழுத்து வெளியே தள்ளும் கூலரைக் கழற்றினார். அதன் அடியில் ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தது.

"இத உரிக்காமலா பூட்டினாங்க?"

"நான்தான் கடையில சொன்னேன், ஒரு பிளாஸ்டிக்கயும் கழட்ட வேணாமென்டு."

கடைக்காரர்கள் அவர் சொன்னதை அப்படியே கேட்டது வாழ்க்கையில் அது ஒரு தடவைதான்.

தாளை உரித்துப் பூட்டியபின் எண் எழுபதைத் தாண்டவில்லை. ஆனால் பெட்டி அனல் காற்றை ஊதியது.

"ஐயோ, இப்பதானே சுடுது! பழுதாக்கிட்டீங்களா?"

"சுடட்டும் ஆன்ட்டி. வெளிய சுட்டாத்தான் உள்ளுக்கு நல்லம்."

ஞாயிறு ரேஸ் முடிவு வரை ஓடியது. ரொஷேல் வழமைபோல வீட்டுக் கதையைத் தொடங்கினாள். எவ்லின் பெட்டியைப் பார்த்தார். அது அணையவில்லை.

"கேக்குதா மம்மி? வருவீங்களா, மாட்டீங்களா?"

இத்தனை நாளும் தனக்காகப் பதில் சொன்னது இந்தப் பெட்டிதான் என்று எவ்லினுக்கு அப்போதுதான் விளங்கியது.

"பொறு மகள்" என்றார். உள்ளங்கையைப் பெட்டியின் மேல் வைத்தார். சுட்டது.