நான்கு விரல் இடைவெளி

ஸ்லைடிங் கதவைப் பழுதுபார்க்கும் தொழிலில் குற்றவாளிகள் மூவரே: ஈரம், ரோலர், டிராக். வீட்டில் அத்தகைய கதவை வைத்து அவதிப்படும் அன்பர்களே, முப்பது ஆண்டுகள் இயற்பியல் கற்பித்த நானும் உங்களைப் போல அப்படித்தான் நம்பினேன்.

ஈரம்

பாளையங்கோட்டையில் எங்கள் பின்னறைக்கு அந்தக் கதவைப் போட்டது, பக்கவாதத்தில் விழுந்த என் கணவரின் சக்கர நாற்காலிக்காக. அவர் காலமான பின் அவ்வறை என் படிப்பறையாயிற்று. ஐப்பசி மழையில் ஒரு காலை, வெளியே வருவதற்காக உள்ளிருந்து இழுத்தேன். நான்கு விரல் அகலம் திறந்து நின்றுவிட்டது. ஒன்றரை மணி நேரம் கழித்து, வீட்டு வேலைக்கு வரும் செல்வி வெளியிலிருந்து ஒற்றை விரலால் தள்ளினாள், திறந்துகொண்டது.

செல்வி சும்மா இருக்கவில்லை. பெங்களூரிலிருக்கும் என் மகனுக்குத் தகவல் போயிற்று. மாலையில் அவன் அழைத்தான்: "இன்னொரு தடவ மாட்டிக்கிட்டீங்கன்னா வீட்டப் பூட்டிட்டு எங்கூட வந்துரணும்மா. அதுக்கு மேல பேச்சில்ல."

ரோலர்

வீட்டைவிட்டுப் போகும் எண்ணம் எனக்கில்லை. ஆகவே செல்வியின் துணையோடு கதவைக் கழற்றி, புது ரோலர் மாட்டி, டிராக்கில் மெழுகுவர்த்தி தேய்த்தேன். வெளியே நின்று நாற்பது முறை இழுத்தேன்; வழுக்கிக்கொண்டு ஓடிற்று. மறுநாள் உள்ளிருந்து இழுத்தபோது மீண்டும் நான்கு விரல். அளவுகோல் வைத்துப் பார்த்தேன். ஏழு சென்டிமீட்டர், ஒவ்வொரு முறையும் அதே ஏழு. உராய்வு இத்தனை ஒழுக்கமானதன்று.

மரம் ஈரத்தில் உப்பியிருக்கலாம் என்றேன். கதவைத் திறந்துவிட்ட செல்வி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்: "மழ நின்னு பத்து நாளாச்சு டீச்சர். இன்னுமா ஈரம்?"

தச்சர்

மேலப்பாளையத்திலிருந்து காதர் பாய் வந்தார். வெளியிலிருந்து இழுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். உள்ளே போய் மூடிக்கொண்டு, அங்கிருந்து இழுக்கும்படி சொன்னேன். கதவு நான்கு விரல் திறந்து நின்றது. இடுக்கில் அவருடைய ஒரு கண் தெரிந்தது, அது இமைக்கவில்லை.

தள்ளித் திறந்தேன். தேநீரைத் தொடாமலே கருவிகளைப் பையில் போட்டார். வாசற்படியில் நின்று சொன்னார்: "யாரோ விளிம்பப் பிடிச்சிருக்காப்ல இருக்கு டீச்சரம்மா. கோவமாப் பிடிக்கல. என்னத்தயோ கேட்டுட்டுப் பதிலுக்கு நிக்காப்ல இருக்கு."

பதில்

மூன்றாண்டுகள், நான் அறையை விட்டு வெளியேறிய ஒவ்வொரு முறையும், என் கணவர் சக்கர நாற்காலியில் இருந்தபடி செயலிழக்காத கையால் கதவு விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "எங்க போற? எப்பம் வருவ?" என்று கேட்பார். அடுக்களைக்குப் போகப் பயணத்திட்டம் எதற்கு? விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிவிட்டுப் போவேன். நான்கு விரல்கள்.

காதர் பாய் சென்றதும் உள்ளே நின்று இழுத்தேன். நின்றது. சோதனைக்காக, "தபால் நிலையத்துக்கு. பதினோரு மணிக்கு வந்துவிடுவேன்" என்றேன். கதவு ஓசையின்றி முழுதும் ஓடிற்று. ஆறு முறை சோதித்தேன். சொன்னால் ஓடியது, சொல்லாவிட்டால் நின்றது. கூடத்திலிருந்து செல்வியின் குரல் கேட்டது: "யாருகிட்ட பேசுதீங்க டீச்சர்?"

மகன்

அவள் அதையும் சொல்லிவிட்டாள். அந்த வாரமே மகன் காரோடு வந்தான். என் பெட்டியை எடுக்கப் பின்னறைக்குள் போனான். அவனுக்குப் பின்னால் கதவு பைய நகர்ந்து மூடிக்கொண்டது. அவன் இழுத்தான். நான்கு விரல். நான் வெளியில் நின்றேன், தள்ளவில்லை.

"எங்கே போகிறாய், எப்போது வருவாய் என்று சொல்லிவிட்டு இழு" என்றேன்.

அது யாருடைய கேள்வி என்று அவனுக்குத் தெரியும். சிரித்துக்கொண்டே, "அம்மாவக் கூட்டிட்டுப் பெங்களூர் போறேன்" என்றான். கதவு அசையவில்லை. இரு கைகளாலும் இழுத்தான், அசையவில்லை. இழுப்பதை விட்டுவிட்டான். பிறகு, சிறுவயதில் தேர்வு மதிப்பெண்ணைச் சொல்லும் அதே குரலில் உள்ளே யாரிடமோ சொன்னான்: "சரிப்பா, நான் மட்டும் போறேன். கிறிஸ்மஸுக்கு வாறேன்."

கதவு இப்போது நன்றாகவே ஓடுகிறது. தெருமுனைக் கடைக்குப் போவதானாலும் ஆளில்லாத அறைக்கு நேரம் சொல்லிவிட்டுப் போகவும், சொன்ன நேரத்துக்குத் திரும்பவும் வேண்டியிருப்பது ஒன்றே என்னால் சரிசெய்ய முடியாமல் எஞ்சிய பழுது.