சிஸ்டர் வீட்டு முன்னறை

கல்லூரியில் எனக்குப் பாலம் கட்டச் சொல்லிக்கொடுத்தார்கள், பேசச் சொல்லித்தரவில்லை. அதனாலோ என்னவோ, ஆம்பூர்ப் பக்கம் மேம்பால வேலை தொடங்கியதும் அலுவலகம் எங்களை ஏலகிரிக்கு அனுப்பி 'சாஃப்ட் ஸ்கில்ஸ்' பயிற்சி கொடுத்தது. டை கட்டிய ஒருவர் வந்தார். கெட்ட செய்தி சொல்லப் போனால் நிற்கக் கூடாது, எதிரே உட்கார வேண்டும் என்றார். குரலைத் தாழ்த்த வேண்டும், சொன்ன பிறகு கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்.

எனக்கு அது நன்றாக வந்துவிட்டது. அதுதான் வினையாகப் போயிற்று. சாலைக்காக யார் வீடு எவ்வளவு இடிபடும் என்று சொல்ல வேண்டியபோதெல்லாம் மேலதிகாரி என்னைத்தான் பார்ப்பார்.

"நீயே போய்ட்டு வந்துடுப்பா. நீ பேசுனா பேஜார் கம்மி."

மற்றவர்கள் தூண் எழுப்பினார்கள். நான் தோல் வாடை அடிக்கும் தெருக்களில் வீடு வீடாக ஏறி இறங்கினேன். நாய்கள்கூட என்னைப் பார்த்துக் குரைப்பதை நிறுத்திவிட்டன. இதற்கா படித்தோம் என்று எரிச்சலாக வரும்.

அப்படித்தான் ஒரு மூட்டமான காலையில் அந்த வீட்டுக்குப் போனேன். வேலூரில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற அம்மா அவர். தெருவே அவரை சிஸ்டர் என்றுதான் கூப்பிடும். பக்கவாதத்தில் படுத்துவிட்ட கணவருக்காகவே முன்னறையைப் புதிதாகக் கட்டியிருந்தார். சக்கர நாற்காலி ஏறச் சரிவு, பிடித்துக்கொள்ளச் சுவரில் கம்பி, கட்டிலையொட்டிப் பெரிய ஜன்னல். கணவருக்குப் பேச்சு போய்விட்டது, நினைவு தெளிவாக இருந்தது. ஜன்னல் வழியே ரோட்டைப் பார்ப்பது ஒன்றுதான் அவருக்கு மிச்சம். எங்கள் வரைபடத்தில் சாலையின் எல்லைக்கோடு அந்த அறையைத் தாண்டி உள்ளே போயிருந்தது.

சிஸ்டர் என்னைப் பக்கவாட்டு வழியாக நடுக்கூடத்துக்குக் கூட்டிப்போனார். நான் நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தேன்.

"சிஸ்டர், ஒரு விஷயம்..."

"முன்ரூம் முழுசா போவுதா தம்பி?"

"ஆமா சிஸ்டர். யார் சொன்னாங்க?"

"யாரும் சொல்லல. நீங்க உக்காந்ததுலயே தெரிஞ்சிடுச்சி. வார்டுல நாங்களும் இப்டித்தான் சேரை இழுத்துப்போட்டு உக்காருவோம். நாங்க உக்காந்தாலே சொந்தக்காரங்க அழ ஆரம்பிச்சிடுவாங்க."

அவர் அழவில்லை. எல்லைக்கோட்டைக் கொஞ்சம் தள்ளிப்போட முடியாதா என்று கேட்பார் என நினைத்தேன். அதற்கு என்னிடம் பதில் தயாராக இருந்தது. அவர் அதைக் கேட்கவே இல்லை. முந்தானையைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"அவருகிட்ட நீங்களே சொல்லிடுங்க தம்பி. எத்தினியோ பேருக்குச் சொல்லியிருக்கேன். இவருகிட்ட என்னால ஆவாது."

எழுந்து முன்னறைக்குப் போனேன். சிஸ்டர் பின்னாலேயே வந்து கதவோரம் நின்றுகொண்டார். என்னைப் பார்த்ததும் பெரியவரின் முகத்தில் ஒரு பக்கம் மட்டும் மலர்ந்தது. வீட்டுக்கு ஆள் வந்த சந்தோஷம். சுவாதீனமுள்ள கையால் பக்கத்திலிருந்த நாற்காலியைத் தட்டிக் காட்டினார்.

நான் அதைக் கட்டிலருகே இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். வாயைத் திறப்பதற்குள் கதவோரத்திலிருந்து சிஸ்டர் அழும் சத்தம் கேட்டது.