நான் அடித்துவிட்ட எண்

இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி சிலருக்குச் சத்தமில்லாமல் வீங்கி ஒருநாள் வெடித்துவிடும். ஏன் வீங்குகிறது என்று மூலக்கூறு அளவில் தேடுவதற்குத்தான் எனக்குச் சென்னை ஆய்வுக்கூடம் ஒன்றில் சம்பளம்.

அந்தக் குழாயின் சுவரில் எலாஸ்டின் என்ற புரதம் இருக்கிறது. சின்ன வயதில் உடம்பு நெய்து வைப்பதோடு சரி, பிறகு புதிதாக வருவது ரொம்பக் கம்மி. சிலருக்கு அதைத் தாங்கி நிற்கும் இன்னொரு புரதம் பரம்பரை வழியாகப் பிறவியிலேயே கோளாறு. அப்போது ஒரு நொதி அளவுக்கு மீறிச் சுரந்து எலாஸ்டினை அறுக்கும். பழைய கால்சட்டை எலாஸ்டிக் மாதிரி சுவர் தொளதொளத்துவிடும். இப்படிப்பட்டவர்களில் பலர் நெட்டையாக, நீள விரல்களோடு இருப்பார்கள் என்று மாணவர்களிடம் பெருமையாக வகுப்பெடுத்தவள் நான்.

என் அண்ணன் அடி அண்ணாமலையில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பயிர் வைப்பவர். பரண்மேல் இருப்பதை ஸ்டூல் இல்லாமல் எடுப்பார். ஒரு பௌர்ணமிக்கு மறுநாள், அவித்த மல்லாட்டைப் பையோடு என்னைப் பார்க்க வந்தார். நோயாளிகளோடு ஒப்பிட நோயில்லாதவர்களின் ரத்தம் எங்களுக்கு எப்போதும் தேவை. கையில் கிடைத்த சொந்தக்காரர்களைப் பிடிப்பதுதான் வழக்கம்.

"எடுத்துக்கோ பாப்பா. நான் இன்னா அத்த வெச்சி கொல்லைக்கா பாய்ச்சப் போறேன்?" என்று நீள நீள விரல்களால் சட்டைக் கையைச் சுருட்டினார். ரத்தம் எடுத்த சோதனைக் குழாயில் 'ஆரோக்கியமானவர்' என்று எழுதி ஒட்டினேன்.

அவர் ரத்தத்தில் அந்த நொதி, நோயாளிகளைவிட ஜாஸ்தி. நான் கொஞ்சமும் பதறவில்லை. முந்தின ராத்திரி முழுக்க வெறுங்காலோடு மலையைச் சுற்றிவிட்டு அப்படியே பஸ் ஏறியவர். உடம்பை அலட்டினால் இந்த நொதி ஏறும். பதிவேட்டில் அந்த எண்ணைச் சிவப்பு மையால் அடித்து, பக்கத்தில் 'கிரிவலம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். "எங்க ஊர் பௌர்ணமி என் கணக்கையே கெடுத்துடுச்சு" என்று கூட வேலை செய்பவர்களிடம் சிரித்தேன். பத்து நாள் கழித்து மறுபடி எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. அப்பாவும் ஏர் ஓட்டியபடியே நெட்டை மரமாய்ச் சாய்ந்தவர்தான். மாரடைப்பு என்று நாங்களே முடிவு கட்டியிருந்தோம்.

அடுத்த மாசியில் கிணற்று மோட்டாரைத் தூக்கிய அண்ணன் முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சுளுக்கு என்று அண்ணி தைலம் தேய்த்தார். ஆஸ்பத்திரி ஸ்கேனில் தமனி கிழிந்திருப்பது தெரிந்தது. ஆபரேஷனுக்குக் கொண்டுபோகுமுன் போய்விட்டார்.

அந்த ஓர் எண்ணை வைத்து யாரும் நோயைச் சொல்லிவிட முடியாது. உண்மைதான், பல நாள் அதன் பின்னால் ஒளிந்துகொண்டேன். ஆனால் அந்த உயரத்தையும் அந்தக் கையையும் பார்த்து, இதயத்துக்கு ஓர் எக்கோ ஸ்கேன் எடுங்கள் என்று வேறு யாராக இருந்தாலும் சொல்லியிருப்பேன். அண்ணனுக்குச் சொல்லவில்லை. ஊருக்கு உபதேசம் செய்த வாய்க்கு அன்று என்ன வந்தது?

காரியம் முடிந்த அன்று அண்ணி கேட்டார். "அவரு குடுத்த ரத்தம் உனக்கு உபயோகப்பட்டுச்சாம்மா? ஊரெல்லாம் சொல்லினு இருந்தாரு."

"உபயோகப்பட்டுச்சு அண்ணி."

பந்திப் பாயை மடித்துக்கொண்டிருந்தாள் அவர் மகள். இப்போதே அம்மாவைவிட ஒரு முழம் உயரம். அதே விரல்கள்.

"நாளைக்கு இவள என்கூட சென்னைக்கு அனுப்புங்க அண்ணி. ஒரு டெஸ்ட் எடுக்கணும்."

"உன் ஆராய்ச்சிக்கா?"

"இல்ல அண்ணி. இவளுக்கு."