தண்ணீர் மாற்றிய நாள்

ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் கிள்ளான் ஆறு கடலில் சேரும் இடத்தில் மீன் பிடித்துத்தான் நானும் என் வீட்டுக்காரரும் வயிற்றைக் கழுவினோம். கடல் வற்றி ஆற்றில் தண்ணீர் இறங்கும்போது நான் சேற்றில் இறங்கி, வலை வீசி மடவை மீன் குஞ்சுகளைப் பிடிப்பேன். அவற்றை உயிரோடு தூண்டிலில் கோத்தால்தான் பெரிய கொடுவா மீன் கடிக்கும். மண்ணெண்ணெய் டின்னில் போட்டு, ஆற்றின் உப்புத் தண்ணீரை அடிக்கடி மாற்ற வேண்டும். கிணற்றுத் தண்ணீர் ஊற்றினால் செத்து மிதக்கும்.

அன்று காலை டின்னோடு கரையேறினேன். சம்பான் படகில் எனக்காகக் காத்திருந்த என் வீட்டுக்காரரை ஜப்பான் சிப்பாய்கள் இழுத்துப்போய் லோரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கிறார்கள் என்பது ஊருக்கே தெரியும்.

"என்னங்க!" என்று ஓடினேன். பக்கத்து வீட்டு அக்கா என் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். "போகாதடி, சுட்டுருவானுங்க!"

லோரி கிளம்பியது. அவர் என்னையே பார்த்தார். வாய் திறந்து திறந்து மூடியது. கடைசியில் கத்தினார்: "புள்ள, தண்ணிய மாத்து! கெணத்துத் தண்ணி ஊத்திடாத!"

பிரிகிற நேரத்தில் பேசுகிற பேச்சா இது என்று எனக்கு ஆத்திரம்தான் வந்தது. சயாமிலிருந்து அவர் திரும்பவேயில்லை. அந்த ஆத்திரம் எப்போது அடங்கியது என்று தெரியவில்லை. அவர் கேட்ட அந்த ஒன்றுதான் அன்று அவருக்காக என்னால் செய்ய முடிந்த காரியம்.

அன்று பொழுது சாயும்வரை அழுதுகொண்டே தண்ணீரை மாற்றினேன். ஒரு குஞ்சுகூடச் சாகவில்லை.