மூக்கில் ஒட்டிய மா

குணம் அண்ணை போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் நல்லூரில் ஒரு சைக்கிள் கடையில் நின்று சில்லுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் அவர் மனைவி கமலம் அக்கா. "தம்பி, அவர் காலமை எழும்பேல்லை. தேத்தண்ணியோடை போய்க் கூப்பிட்டனான்" என்றார். அடித்து முடித்த சில்லுக்கே திரும்பவும் காற்று அடித்தேனாம். கடைக்காரர்தான் கையைப் பிடித்து நிறுத்தினார்.

அரசாங்கக் கச்சேரியில் வேலை பார்த்த காலத்து என் பக்கத்து மேசைக்காரராக அவரை உங்களில் பலருக்குத் தெரியும். கோபமே வராத மனிதர் என்று செத்தவீட்டில் பேசினார்கள். சும்மா சொல்லக்கூடாது, அவருக்குக் கோபம் நன்றாகவே வரும். மின்விசிறியை என் பக்கம் திருப்பியதற்காக ஒரு கிழமை என்னோடு கதைக்காமல் இருந்தவர். நான் எழுதவந்தது அந்தக் குணம் அண்ணையைப் பற்றி அல்ல. ஓய்வுபெற்றுத் தொண்டைமானாற்று வீட்டில் இருந்தபடி விமானம் செய்தவரைப் பற்றி.

லண்டனில் இருக்கும் மகள் ஒரு பெட்டி அனுப்பியிருந்தாள். உள்ளே பல்சா மரத் தகடுகள், ஆளுயர வரைபடம், மெல்லிய தாள், முறுக்கிவிட ஒரு றப்பர், ஒரு சின்ன விசிறி. வெட்டி ஒட்டினால் பறக்கும் விமானம். "பொழுது போகட்டும் எண்டு அனுப்பினவள், ஐசே. இது என்ரை பொழுதையே திண்டுபோடும் போலை கிடக்கு" என்றார். சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்து, பசை பிடிக்காமலிருக்க மேலே பொலித்தீன் போட்டு, அக்காவின் தையல் குண்டூசிகளால் ஒவ்வொரு குச்சியையும் கோட்டின்மேல் நிறுத்தி வைத்திருந்தார். அவரும் அக்காவும் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிட்டார்கள்.

ஒருநாள் என்னைக் கண்ணை மூடச் சொல்லிக் கையை நீட்டச் சொன்னார். உள்ளங்கையில் எதையோ வைத்தார். "இருக்கோ?" என்றார். "ஓம், இருக்கு" என்றேன். கண்ணைத் திறந்தால் கை வெறுமையாக இருந்தது. விமானத்தின் ஒரு பக்க இறக்கையை, முழுச் செட்டையை, வைத்துவிட்டு எடுத்திருக்கிறார். எடுத்தது எனக்குத் தெரியவில்லை. அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, மயிர்க்கூச்செறிந்தது. மரம் என்று ஒன்று இவ்வளவு பாரமில்லாமல் இருக்கும் என்று நான் அதுவரை அறியவில்லை.

ஆனால் அந்த வீட்டில் விமானம் என்பது விளையாட்டுப் பொருள் அல்ல. கமலம் அக்காவின் தங்கை யுத்தகாலத்தில் பொம்மர் விமானம் குண்டு போட்டுச் செத்தவர். அதன்பிறகு அக்கா வானத்தை அண்ணாந்து பார்த்ததே இல்லை. பலாலிக்கு வரும் பயணிகள் விமானத்தின் சத்தம் கேட்டாலும் உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்துவார். உடுப்புக் காயப்போடும்போதும் நிலத்தைப் பார்த்துத்தான் போடுவார். அப்படிப்பட்டவரின் வீட்டில் ஏன் இந்த வேலை என்று அண்ணையிடம் நேராகவே கேட்டேன். பசை பூசிக்கொண்டிருந்தவர் தலை நிமிராமல் சொன்னார்: "இதிலை சத்தமில்லை. அவள் ஒருக்கா மேலை பாக்கவேணும். எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம்." அந்தக் குரலில் அவர் கச்சேரியில் ஒருநாளும் கதைத்ததில்லை.

கோடையில் கடல்நீரேரி வற்றிக் கிடந்த வெளியில் முதலாம் தரம் பறக்கவிட்டார். விமானம் முகத்தை மேலே தூக்கிக் கொஞ்சம் நின்றது, பிறகு தொப்பென்று விழுந்தது. அண்ணை தைப்பொங்கலுக்குப் பட்டம் கட்டி வளர்ந்த ஆள். பட்டம் குழப்படி செய்தால் வாலுக்குப் பாரம் கூட்டுவதுதான் அந்தக் கரையில் வழக்கம். இதற்கும் வாலில் ஈயத்துண்டு வைத்தார். இன்னும் மோசமாக விழுந்தது. விடாப்பிடியாக இன்னொன்று வைத்தார். செட்டை முறிந்தது. வலை திருத்திக்கொண்டிருந்தவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

செட்டையை ஒட்டிக்கொண்டு சில நாட்கள் வீட்டோடு கிடந்தார். பிறகு என்னை வரச்சொல்லி ஆளனுப்பினார். "நான் மடையன், ஐசே. பட்டத்தைக் கயிறு பிடிக்கும். இதைப் பிடிக்க ஆருமில்லை, இது தன்னைத்தானே பிடிக்கவேணும். பாரம் முன்னுக்கு இருக்கவேணும்" என்றார். ஈயத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, இரண்டு கையாலும் விமானத்தை ஏந்தியபடி குசினிப் பக்கம் திரும்பிக் குரல்கொடுத்தார். "இஞ்சரும் கமலம், ரொட்டிக்குக் குழைச்ச மாவிலை கொஞ்சம் கொண்டு வாரும்."

அக்கா வந்தார். அந்தச் சாமானுக்குக் கிட்ட அவர் வந்தது அதுதான் முதல் தடவை. "எங்கை ஒட்டவேணும்?" என்று கேட்டார். "மூக்கிலை. என்ரை கை ரண்டும் இதைப் பிடிச்சிருக்கெல்லே, நீரே ஒட்டும்." மா உருண்டையை மூக்கில் வைத்து, சம்பலைத் தொட்டு உப்புப் பார்ப்பதுபோல விரல் நுனியால் மெல்ல அழுத்தினார். "காணுமோ?" "இன்னும் கொஞ்சம்." இன்னும் கொஞ்சம் வைத்தார்.

கடல்நீரேரி வெளிக்கு அன்று அக்காவும் வந்தார். ஏன் வந்தார் என்று நாங்கள் கேட்கவில்லை. அண்ணை றப்பரை முறுக்கிக் கையை விட்டார். அது ஏறியது. ஒரு சத்தமும் இல்லை. வெயில் தாளை ஊடுருவி உள்ளே இருந்த குச்சி ஒவ்வொன்றும் தெரிந்தது. எங்கள் தலைக்கு மேலே வட்டம் போட்டது, இன்னொரு வட்டம் போட்டது. வலைக்காரர்கள் எழுந்து நின்றார்கள். நான் அக்காவைப் பார்த்தேன். கண்ணுக்குமேல் கையை வைத்து அண்ணாந்து நின்றார். "என்ரை மா விழேல்லை" என்றார். அண்ணை மட்டும் விமானத்தைப் பார்க்கவே இல்லை. அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த விமானம் இப்போது அக்காவிடம் இருக்கிறது. எறும்பு வராமல் அண்ணை பசை பூசிவைத்த மா மூக்கில் கல்லாகக் காய்ந்து கிடக்கிறது. அதை நான் கேட்கவும் மாட்டேன், அவர் தரவும் மாட்டார்.

அண்ணையின் எட்டாம் நாள் சடங்கான எட்டுச்செலவன்று முற்றத்தில் இருந்தோம். பலாலிப் பக்கம் விமானச் சத்தம் கேட்டது. அக்கா உள்ளே போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் பந்தலுக்கு வெளியே வந்து நின்றார். "உது இறங்கப்போகுது, தம்பி. மூக்கு நிதானமாய் நிக்குது, பாருங்கோ" என்றார்.

அப்போதுதான் எனக்கே தெரிந்தது. நானும் அந்தப் பொம்மர் காலத்து ஆள்தான். சத்தம் கேட்டதும் நான் தலையைக் குனிந்து கதிரையைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறேன். இத்தனை வருடமும் அப்படித்தான் இருந்திருக்கிறேன் போலும்.

எழுந்து அக்காவின் பக்கத்தில் போய் நின்று அண்ணாந்து பார்த்தேன். குணம் அண்ணையிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அதைத்தான்.